ஒரு படத்தால் வீழ்ந்தார். பழைய படங்களால் வாழ்ந்தார்!

டெலிவிஷனில் முதல் கவ்பாய் வீரரான வில்லியம் பாய்டின் கதை

அமெரிக்காவில் ஒரே பெயரில் இரண்டு நடிகர்கள் இருந்தார்கள். இருவர் பெயரும் வில்லியம் பாய்ட். அவர்களில் ஒருவரைப் போலீசார் கைது செய்தார்கள். ஆனால் பத்திரிகையில் மற்றவருடைய படம் வெளியாகிவிட்டது.

அந்தப் படத்தால் வேலையை இழந்தவர், நான்கு ஆண்டுகள் தட்டுத் தடுமாறினார். பிறகு கறுப்பு உடை அணிந்து, வெள்ளைக் குதிரை மீது ஏறினார். டெலிவிஷன் என்ற புதுப் பெட்டி வீடுகளுக்கு வந்தபோது, தன் சொத்தை எல்லாம் விற்று அதை நம்பிக் களத்தில் குதித்தார். அமெரிக்கக் குழந்தைகள் தங்கள் வீட்டு மனிதர் போல அவரை நேசித்தார்கள்.

அவருடைய வாழ்க்கைதான், டெலிவிஷனில் கவ்பாய் கதைகள் தோன்றிய வரலாறும்கூட.

கூலிக்காரர் மகன்

வில்லியம் பாய்ட் 1895-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி பிறந்தார். அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்தில் உள்ள ஹெண்டிரிஸ்பர்க் என்ற சின்னஞ்சிறு ஊர் அவருடைய சொந்த ஊர். தந்தை தினக்கூலிக்கு வேலை பார்த்தவர்.

பாய்ட் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பிழைப்புத் தேடி டல்சா நகருக்குப் போயிற்று. அது ஓக்லஹோமா பகுதியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்ட காலம் அது. வேலை தேடிப் பல ஊர்களில் இருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள்.

சில ஆண்டுகளில் தந்தை இறந்துவிட்டார். பாய்டின் படிப்பு நின்றது. மளிகைக் கடையில் சாமான் கட்டினார். நிலம் அளக்கும் குழுவினருடன் போனார். எண்ணெய் வயலிலும் பாடுபட்டார்.

ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். நீல நிறக் கண்கள். சிரித்த முகம். ஆனால் இளம் வயதிலேயே தலை நரைத்துவிட்டது. அது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. தனி அழகாகவே அமைந்தது.

சினிமா ஆசை அவரை ஹாலிவுட்டுக்கு இழுத்துச் சென்றது. அப்போது சினிமா பேசவில்லை. எல்லாம் ஊமைப் படங்கள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் வேடங்களில் பாய்ட் தொடங்கினார்.

லட்ச டாலர் நடிகர்

செசில் பி. டிமில் என்பவர் ஹாலிவுட்டின் பெரிய டைரக்டர்களில் ஒருவர். பிரம்மாண்டமான படங்களை எடுத்தவர். அவருடைய கண்ணில் பாய்ட் பட்டார்.

டிமில் அவருக்குச் சிறு வேடங்கள் கொடுத்தார். பிறகு பெரிய வேடங்கள் வந்தன. 1926-ல் வெளிவந்த வோல்கா படகோட்டி என்ற படத்தில் பாய்ட் கதாநாயகனாக நடித்தார். படம் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு, ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தை டிமில் எடுத்தார். ஏசுநாதர் சிலுவையைச் சுமந்தபோது அவருக்குத் தோள் கொடுத்த சீமோனாக பாய்ட் நடித்தார்.

ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் கிடைத்தது. கூலிக்காரர் மகனுக்கு அது கனவிலும் காணாத பணம். வீடு, விருந்து, குடி, கேளிக்கை என்று பணம் கரைந்தது.

குடும்ப வாழ்க்கையில் மட்டும் நிம்மதி இல்லை. மணவாழ்க்கை அடுத்தடுத்து முறிந்தது. பிறந்த ஒரே மகனும் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டான். அதன்பின் அவருக்குக் குழந்தை பிறக்கவே இல்லை.

சினிமா பேசத் தொடங்கியதும், ஊமைப்பட நடிகர்கள் பலர் குரல் சரி இல்லாமல் மூலைக்குப் போனார்கள். பாய்டுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. அவருக்கு ஆழ்ந்த, இனிய குரல். 1931-ல் வர்ணப் பாலைவனம் என்று பொருள்படும் பெயர் கொண்ட படத்தில் அவரே கதாநாயகன். அந்தப் படத்தில் வில்லனாக வந்தவர், அப்போது அதிகம் பேர் அறியாத கிளார்க் கேபிள். அதன்பின் கேபிள் புகழின் உச்சிக்குப் போனார். பாய்டோ பள்ளத்தில் விழுந்தார்.

பெயரால் வந்த வினை

நியூயார்க் நாடக மேடையில் பேர் எடுத்த நடிகர் ஒருவர் ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பெயரும் வில்லியம் பாய்ட்! அடையாளம் தெரிவதற்காக அவரை மேடை பாய்ட் என்று அழைத்தார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1931-ல் மேடை பாய்டின் வீட்டில் போலீசார் திடீர்ச் சோதனை நடத்தினார்கள். சூதாட்டம், சாராயம் ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் அவர் கைது செய்யப்பட்டார்.

நடிகர் கைது என்றால் பரபரப்பான செய்தி அல்லவா? பத்திரிகையில் செய்தி வந்தது. படமும் வந்தது. ஆனால் அது மேடை பாய்டின் படம் அல்ல. சினிமா பாய்டின் படம்.

தவறு நடந்துவிட்டது என்று பிறகு மறுப்பு வெளியாயிற்று. செய்தியைப் படித்தவர்கள் எல்லோரும் மறுப்பையும் தேடிப் படிப்பார்களா? பாய்டின் முகமும் கைது என்ற சொல்லும் ஜனங்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டன.

அவர் வேலை பார்த்த ஆர்.கே.ஓ. என்ற படக் கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. நிரபராதிதான், ஆனால் பெயர் கெட்டுப்போன நடிகரை வைத்துப் படம் எடுத்தால் வசூல் ஆகுமா என்பது முதலாளிகளின் கவலை.

பாய்ட் தன் பெயரை பில் பாய்ட் என்று சுருக்கி வைத்துப் பார்த்தார். வாய்ப்புகள் குறைந்துகொண்டே வந்தன. கையில் இருந்த பணமும் தீர்ந்தது. நாற்பது வயதை நெருங்கும் நடிகர், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணமான மேடை பாய்ட் 1935-ம் ஆண்டு மார்ச்சு மாதம் காலமானார். அதே ஆண்டில்தான் சினிமா பாய்டின் தலைவிதி மாறியது.

கவ்பாய் என்றால் யார்?

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பரந்த புல்வெளிகள் உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான மாடுகளை மந்தையாக வளர்ப்பார்கள். குதிரை மீது இருந்தபடி மந்தையை மேய்த்து, பல நூறு மைல் ஓட்டிக்கொண்டு போய் ரெயில் நிலையத்தில் சேர்க்கும் ஆட்களுக்குத்தான் கவ்பாய் என்று பெயர்.

வேலை கடினம்; கூலி சொற்பம். வெயிலும் புழுதியும்தான் மிச்சம். அவர்களில் நீக்ரோ இனத்தாரும் மெக்சிகோ நாட்டாரும் ஏராளமாக இருந்தார்கள்.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் முள்கம்பி வேலிகளும் புதிய ரெயில் பாதைகளும் வந்தன. மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டும் வேலை மறைந்தது. ஆனால் கதைகளில் கவ்பாய் மறையவில்லை. இடுப்பில் துப்பாக்கி தொங்க, குதிரையில் வந்து கெட்டவர்களை அடக்கும் வீரனாக அவன் மாறினான்.

கதைகளில் வந்தவன் வெள்ளைக்காரன் மட்டுமே. அந்த மண்ணுக்கு உரிய செவ்விந்தியர்கள், பெரும்பாலும் எதிரிகளாகவே காட்டப்பட்டார்கள். அது பெரிய அநியாயம் என்பதை அமெரிக்கர்கள் பலர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

நொண்டி வீரன்

கிளாரன்ஸ் மல்போர்டு என்ற எழுத்தாளர் நியூயார்க் நகரின் புருக்ளின் பகுதியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். மேற்குப் பகுதியைக் கண்ணால் பார்க்காமலே, புத்தகங்களைப் படித்துவிட்டு அவர் கவ்பாய் கதைகள் எழுதினார்.

அந்தக் கதைகளின் நாயகன் பெயர் காசிடி. காலில் குண்டு பாய்ந்ததால் தத்தித் தத்தி நடப்பான். அதனால் ஹாப்பலாங் காசிடி என்று பட்டப்பெயர். அதற்கு, தத்தி நடக்கும் காசிடி என்று பொருள். கதையில் அவன் முரடன். புகை பிடிப்பான், குடிப்பான், வாயைத் திறந்தால் வசவு வரும்.

ஹாரி ஷெர்மன் என்ற படத் தயாரிப்பாளர் அந்தக் கதைகளைப் படமாக்க உரிமை வாங்கினார். குறைந்த செலவில், விரைவில் எடுத்து முடிக்கும் படங்கள். பாய்டுக்கு அதில் வேறொரு வேடம் தருவதாகச் சொன்னார். பாய்ட், காசிடி வேடமே வேண்டும் என்று கேட்டார். ஷெர்மனும் சம்மதித்தார்.

முரடனை அப்படியே காட்ட பாய்ட் விரும்பவில்லை. வேடத்தை மெல்ல மெல்ல மாற்றினார். காசிடி சிகரெட் தொடமாட்டார். மதுக்கடைக்குள் போனாலும் குளிர்பானம்தான் கேட்பார். கெட்ட வார்த்தை பேசமாட்டார். எதிரி முதலில் துப்பாக்கியை எடுத்தால்தான் அவர் கை துப்பாக்கிக்குப் போகும். கூடுமானவரை எதிரியை உயிரோடு பிடித்துச் சட்டத்தின் கையில் ஒப்படைப்பார்.

முதல் படத்தோடு நொண்டுவதையும் விட்டுவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் செல்லமாக ஹாப்பி என்று கூப்பிட்டார்கள்.

கறுப்பு உடை, வெள்ளைக் குதிரை

சினிமாவில் நல்லவனுக்கு வெள்ளைத் தொப்பி, கெட்டவனுக்குக் கறுப்புத் தொப்பி என்று ஒரு வழக்கம் இருந்தது. பாய்ட் அதைத் தலைகீழாக மாற்றினார். தொப்பி, சட்டை, கால்சட்டை எல்லாம் கறுப்பு. ஏறுவது மட்டும் வெள்ளைக் குதிரை. அதன் பெயர் டாப்பர். கறுப்பு உடைக்கு மேலே வெள்ளி போலப் பளபளக்கும் நரைமுடி. எவ்வளவு தூரத்தில் வந்தாலும் ஆளைக் கண்டுகொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், தொடக்கத்தில் பாய்டுக்குக் குதிரைச் சவாரி அவ்வளவாக வராது! வேகமாகப் பாயும் காட்சிகளில் அவருக்குப் பதிலாக வேறு ஆள் ஏறுவார். பழகிப் பழகித்தான் பாய்ட் சவாரி கற்றார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே லோன் பைன் என்ற ஊர் இருக்கிறது. அதை அடுத்து உருண்டை உருண்டையான பாறைக் குன்றுகள். பின்னால் பனி மூடிய மலைத்தொடர். படப்பிடிப்புக் குழு அங்கே போய் முகாம் போடும். ஒரே பாறையை ஒரு படத்தில் திருடர் ஒளியும் இடமாகவும், அடுத்த படத்தில் மலைக் கணவாயாகவும் காட்டுவார்கள். சூரிய வெளிச்சம் இருக்கும் நேரம் முழுவதும் வேலை நடக்கும்.

கதைக்கும் ஒரு கணக்கு உண்டு. நிதானமான பெரியவர் காசிடி. காதலில் விழுந்து அவசரப்படும் ஓர் இளைஞன். சிரிக்க வைக்க ஒரு கிழவர். இந்த மூவர் கூட்டணி படத்துக்குப் படம் தொடர்ந்தது. பிற்காலத்தில் பெரிய நட்சத்திரமான ராபர்ட் மிட்சம், 1943-ல் இந்தப் படங்களில்தான் சிறு வேடங்களில் நடித்துப் பழகினார்.

1935-ல் முதல் படம் வெளிவந்தது. ஷெர்மன் மொத்தம் 54 படங்கள் எடுத்தார். சிற்றூர்க் கொட்டகைகளில் குழந்தைகள் அலைமோதினார்கள்.

நல்ல மனைவி

1937-ம் ஆண்டு பாய்டின் வாழ்க்கையில் ஒளி வந்தது. கிரேஸ் பிராட்லி என்ற நடிகையை அவர் மணந்தார். சிறு பெண்ணாக இருந்தபோது படத்தில் பாய்டைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தவர் கிரேஸ். கணவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

இந்த மணவாழ்க்கை, கடைசிவரை நிலைத்தது. பாய்டின் பழைய பழக்கங்கள் ஒவ்வொன்றாக விலகின. திரையில் காசிடி எப்படி இருந்தாரோ, அப்படியே வீட்டிலும் இருக்க அவர் முயன்றார். கிரேஸ் படிப்படியாக நடிப்பை விட்டுவிட்டுக் கணவரின் வேலைகளில் துணை நின்றார்.

சொத்தை விற்றார்

1944-ல் ஷெர்மன் காசிடி படங்களை நிறுத்திக்கொண்டார். பாய்டுக்கு வயது 49. காசிடியாகவே அறியப்பட்டவருக்கு வேறு வேடம் யார் தருவார்கள்?

சொந்தமாகப் படம் எடுக்கத் துணிந்தார். 1946 முதல் 1948 வரை 12 படங்கள் எடுத்தார். ஷெர்மன் எடுத்ததையும் சேர்த்தால் 66 படங்கள். ஆனால் பழைய வசூல் இல்லை. கவ்பாய் படங்களின் மவுசு குறைந்துவிட்டது என்று கொட்டகைக்காரர்கள் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில்தான் டெலிவிஷன் மெல்லத் தலைகாட்டியது. நகரங்களில் சில பணக்காரர்கள் வீட்டில் மட்டும் இருந்த பெட்டி அது. ஹாலிவுட் முதலாளிகளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீட்டிலேயே படம் தெரிந்தால் கொட்டகைக்கு யார் வருவார்கள் என்று பயந்தார்கள். தங்கள் படங்களை டெலிவிஷனுக்குக் கொடுக்க மறுத்தார்கள்.

டெலிவிஷன் நிலையங்களின் பாடு திண்டாட்டம். மணிக்கணக்கில் எதையாவது காட்டியாக வேண்டும். காட்டுவதற்குப் படம் இல்லை.

பாய்ட் அதைக் கவனித்தார். தன் பழைய படங்களின் உரிமை முழுவதையும் வாங்குவது என்று முடிவு செய்தார். காசிடி என்ற பாத்திரத்தின் உரிமையையும் மல்போர்டிடம் இருந்து பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 3½ லட்சம் டாலர் தேவைப்பட்டது.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? பண்ணையை விற்றார். மற்ற சொத்துகளையும் விற்றார்; அடகு வைத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், ஓடி ஓய்ந்த பழைய படச் சுருள்களுக்காகக் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்தார். பலர் அவரைப் பைத்தியக்காரர் என்று நினைத்தார்கள். கிரேஸ் மட்டும் அவர் பக்கம் நின்றார்.

வீட்டுக்குள் வந்த குதிரை

1948-ல், பழைய காசிடி படம் ஒன்றை எடுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள டெலிவிஷன் நிலையத்துக்கு பாய்ட் போனார். படத்தைக் காட்டினார்கள். ஜனங்கள் இன்னும் வேண்டும் என்றார்கள்.

என்.பி.சி. என்ற பெரிய டெலிவிஷன் கம்பெனிக்குச் செய்தி எட்டியது. 1949-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி, பல நகரங்களில் ஒரே தொடராக ஹாப்பலாங் காசிடி ஒளிபரப்பாகத் தொடங்கியது. இப்படிப் பல நகரங்களை இணைத்து ஒளிபரப்பான முதல் கவ்பாய் தொடர் அதுதான். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, லோன் ரேஞ்சர் என்ற முகமூடி வீரனின் தொடர் வேறொரு கம்பெனியில் தொடங்கியது.

படங்கள் டெலிவிஷன் நேரத்துக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கப்பட்டன. நடுவே விளம்பரங்கள் வந்தன. அந்தக் காலத்துப் பெட்டியில் திரை சிறியது; படம் மங்கல்; வர்ணம் கிடையாது. ஆனால் கறுப்பு உடையும் வெள்ளைக் குதிரையும் அதில் பளிச்சென்று தெரிந்தன!

கொட்டகையில் பார்த்த தலைமுறை வளர்ந்துவிட்டது. இப்போது பார்த்தவர்கள் அவர்களுடைய தம்பி தங்கைகள், பிள்ளைகள். அவர்களுக்கு எல்லாப் படமும் புதுப் படம்தான். டெலிவிஷன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், பக்கத்து வீட்டில் போய்த் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

பழைய படங்கள் தீர்ந்துவிடும் என்பதால், அரை மணி நேரக் கதைகளாக 40 புதுக் கதைகளையும் பாய்ட் தயாரித்தார். ரேடியோவிலும் காசிடி நாடகம் ஒலித்தது. பத்திரிகைகளில் படக்கதை வந்தது. 1950-ம் ஆண்டு நவம்பரில், உலகப் புகழ் பெற்ற டைம் பத்திரிகை தன் அட்டையில் காசிடியின் படத்தை வெளியிட்டது. ஒரு காலத்தில் எந்த முகம் பத்திரிகையில் வந்ததால் வேலை போயிற்றோ, அதே முகத்தை இப்போது பத்திரிகைகள் போட்டி போட்டு வெளியிட்டன.

சாப்பாட்டுப் பெட்டி

காசிடி பெயரில் தொப்பி, பூட்ஸ், கைக்கடிகாரம், சைக்கிள், பொம்மைத் துப்பாக்கி என்று நூற்றுக்கணக்கான பொருள்கள் விற்பனைக்கு வந்தன. பாத்திரத்தின் உரிமை பாய்டிடம் இருந்ததால், ஒவ்வொரு பொருளுக்கும் அவருக்குப் பங்கு வந்தது.

அவற்றில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டு போகும் தகரச் சாப்பாட்டுப் பெட்டி. அலாடின் என்ற கம்பெனி 1950-ல், சாதாரணப் பெட்டியின் மீது காசிடியின் படத்தை ஒட்டி விற்றது. முதல் ஆண்டிலேயே 6 லட்சம் பெட்டிகள் விற்பனை ஆயின. டெலிவிஷன் வீரர்களின் படத்தைப் பெட்டியில் போடும் வழக்கம் அதன்பின் நாடு முழுவதும் பரவியது.

டெலிவிஷனில் காட்டும் பாத்திரத்தைப் பொருள்களின் மீது அச்சிட்டு விற்றால் எவ்வளவு பணம் வரும் என்பதை வியாபாரிகள் பாய்டிடம் இருந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

1951-ல் கலிபோர்னியாவில் வெனிஸ் என்ற இடத்தில், ஹாப்பிலேண்ட் என்ற விளையாட்டுப் பூங்காவும் அவர் பெயரால் திறக்கப்பட்டது. ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

பிள்ளைகளுக்குப் பெரியப்பா

பாய்ட் ஊர் ஊராகப் போனார். போன இடம் எல்லாம் குழந்தைகள் வரிசை வரிசையாக நின்றார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயுற்ற குழந்தைகளைப் பார்த்தார்.

காசிடியின் பெயரில் குழந்தைகள் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. உண்மை பேச வேண்டும். பெற்றோர் சொல் கேட்க வேண்டும். படிப்பில் கவனம் வேண்டும். சாலையைப் பார்த்துக் கடக்க வேண்டும் என்பது போன்ற பழக்கங்களைக் காசிடி சொன்னால் பிள்ளைகள் கேட்டார்கள். அதனால் தாய்மார்களுக்கும் அவரைப் பிடித்தது.

பெற்ற மகனைப் பறிகொடுத்த மனிதருக்கு, லட்சக்கணக்கான பிள்ளைகள் கிடைத்தார்கள். அந்த நம்பிக்கைக்குத் தன்னால் எந்தக் களங்கமும் வரக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். ஒரு மனிதனின் நற்பெயர் ஒரே நாளில் எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரியாததா?

1952-ல் டிமில் எடுத்த சர்க்கஸ் படத்தில் பாய்ட் சிறிது நேரம் தோன்றினார். படகோட்டியாகவோ சீமோனாகவோ அல்ல. ஹாப்பலாங் காசிடியாகவே தோன்றினார். பாய்ட் வேறு, காசிடி வேறு என்று யாரும் நினைக்காத காலம் வந்துவிட்டது.

பின்னால் வந்த கூட்டம்

1950-ல் அமெரிக்காவில் நூறு வீடுகளில் 9 வீடுகளில்தான் டெலிவிஷன் இருந்தது. 1960-ல் அது 87 ஆகப் பெருகியது. அந்தப் பத்து ஆண்டுகளில் கவ்பாய் கதைகளும் டெலிவிஷனும் கைகோத்து வளர்ந்தன.

காசிடி திறந்த கதவு வழியாக மற்ற வீரர்கள் புகுந்தார்கள். டெலிவிஷனை வெறுத்த ஹாலிவுட் கம்பெனிகளும் கடைசியில் அதற்காகப் படம் எடுக்க வந்தன. 1955-ல் கன்ஸ்மோக் தொடங்கியது. 20 ஆண்டுகள் ஓடி, 635 கதைகளோடு 1975-ல் முடிந்தது. 1959-ல் தொடங்கிய பொனான்ஸா, தந்தையும் மூன்று மகன்களும் வாழும் பண்ணையின் கதை. அது வர்ணத்தில் ஒளிபரப்பானது. வர்ணப் பெட்டி வாங்க ஜனங்களைத் தூண்டிய தொடர்களில் அதுவும் ஒன்று.

1958-59 ஆண்டுக் காலத்தில், அமெரிக்க ஜனங்கள் மிக அதிகமாகப் பார்த்த பத்து நிகழ்ச்சிகளில் ஏழு கவ்பாய் கதைகள்!

புதிய தொடர்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. நல்லவனும் சில நேரம் தவறு செய்வான்; கெட்டவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். தவறே செய்யாத காசிடிக்கு அங்கே இடம் இல்லை. பாய்டுக்கும் வயது அறுபதை நெருங்கியது. மரியாதையோடு விலகிக்கொள்ள இதுவே தருணம் என்று அவர் முடிவு செய்தார்.

தன் உரிமைகளை நல்ல விலைக்கு விற்றார். கலிபோர்னியாவில் பாம் டெசர்ட் என்ற அமைதியான ஊரில் கிரேஸுடன் குடியேறினார். சொத்தை எல்லாம் விற்றுப் பழைய படம் வாங்கிய பைத்தியக்காரர், பெரிய செல்வந்தராக ஓய்வு பெற்றார்.

அவரைச் சுமந்த டாப்பர் 1961-ல் இறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே, வளர்ப்புப் பிராணிகளுக்கான மயானத்தில் அதற்குக் கல்லறை இருக்கிறது.

கடைசிக் காலம்

1968-ல் பாய்டுக்குக் கட்டி ஒன்றை அகற்ற ஆபரேஷன் நடந்தது. உடல் தளர்ந்தது. நடுக்கு வாதமும் சேர்ந்துகொண்டது. கம்பீரமாக இருந்த உருவம் மாறிப்போயிற்று.

அதன்பின் அவர் பேட்டி கொடுக்கவில்லை. படம் எடுக்கவும் யாரையும் அனுமதிக்கவில்லை. வெள்ளைக் குதிரையில் வந்த வீரனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். பண ஆசையோ, விளம்பர ஆசையோ அந்த உறுதியைக் கலைக்கவில்லை.

1972-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி, கலிபோர்னியாவில் லகூனா பீச் நகரில் வில்லியம் பாய்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 77. கிளெண்டேல் நகரில் உள்ள பாரஸ்ட் லான் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கிரேஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. கணவர் உயிர் நீத்த ஊரிலேயே, ஆஸ்பத்திரியில் தொண்டு செய்தார். 38 ஆண்டுகள் கணவரின் நினைவையும் பெயரையும் காத்தார். 2010-ம் ஆண்டு, தம்முடைய 97-வது பிறந்த நாள் அன்று கண் மூடினார்.

அதற்கு முந்தின ஆண்டு, டெலிவிஷனின் தொடக்க காலத்தை நினைவுகூர்ந்து அமெரிக்கத் தபால் இலாகா 20 தபால் தலைகள் வெளியிட்டது. அவற்றில் ஒன்றில் ஹாப்பலாங் காசிடி இருந்தார். கறுப்புத் தொப்பி. வெள்ளைத் தலைமுடி. அவர் விரும்பியபடியே, குழந்தைகள் பார்த்துப் பழகிய அதே முகம்.